முதுமையின்மேல் ஏற்றிய பழி

முதுமை என்பது மனித வாழ்வில் தவிர்க்க இயலாத பருவம். நரை தோன்றுவதும், நடை தளர்வதும், நினைவு சற்றே மங்குவதும் இயற்கையின் நியதி. ஆயினும், முதியோர்க்கு நேரும் துன்பம் அனைத்தையும் 'வயதாகிவிட்டது' என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் தமிழர் இல்லங்களில் வேரூன்றி இருக்கிறது. கேட்பதற்கு அஃது ஆறுதல் மொழிபோல் ஒலிக்கும். ஆனால், அச்சொல் பிறந்த கணமே ஆராயும் எண்ணம் மடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் புகுந்து உயிரைக் கவரும் நோய்கள் சில உண்டு. இரத்தக் குழாய்களுக்குள்ளேயே வளரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் அவற்றுள் ஒன்றாகும்.

பால்மரக் காட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்து, இப்போது நகரத்து அடுக்குமாடி வீட்டில் மகனோடு வாழும் எழுபது வயது முதியவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விடியலில் எழுந்து, கோப்பி கலக்கிக் குடித்து, நாளேட்டைத் தலைப்புச் செய்தி முதல் மரண அறிவிப்பு வரை ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர். ஒரு மாத காலமாக அவருக்கு மாலைதோறும் காய்ச்சல் காய்கிறது. சோறு இறங்கவில்லை. கைலி இடுப்பில் நிற்க மறுக்கிறது. நான்கு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. நாளேடு பிரிக்கப்படாமலே கிடக்கிறது. ஒருநாள் பேரனைத் தம் இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லி அழைக்கிறார். "மாமா முன்னைப்போல் இல்லைங்க, ஏதோ மாறிவிட்டது" என்கிறாள் மருமகள். "அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்கிறான் மகன். இருவரும் அன்பு மிக்கவர்களே. ஆயினும், மருமகள் கண்டதையே சொன்னாள். மகனோ காணாததற்கு விடை சொன்னான்.

மருத்துவரிடம் சென்ற பின்னும் வழி எளிதில் புலப்படுவதில்லை. வெப்ப மண்டல நாட்டில் நீடித்த காய்ச்சல் என்றதும் டிங்கியையும் காசநோயையும் பிற தொற்றுகளையும் முதலில் ஐயுறுவது முறையே. அவையெல்லாம் இல்லையென்று தெரிந்த பிறகு நிணநீர்ப் புற்றுநோயை நினைக்கும் மருத்துவர், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். அந்நோயின் வழக்கமான அடையாளம் அதுவே. இவருக்கோ கட்டி எங்கும் இல்லை. கணினி ஊடுகதிர்ப் படத்திலும் கட்டி தென்படவில்லை. மூச்சு இரைத்தாலும் நுரையீரல் படம் தெளிவாகவே இருக்கக்கூடும்.

இதற்குக் காரணம் இந்நோயின் விந்தையான இயல்பே. நோயுற்ற பெரிய நிண அணுக்கள், மற்ற நிணநீர்ப் புற்றுநோய்களில் நிகழ்வதுபோல் ஓரிடத்தில் கூடிக் கட்டியாவதில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்புறத்திலேயே தங்கிப் பெருகுகின்றன. குழாயின் சுவரைப் பற்றி ஊடுருவி வெளியேறத் தேவையான சில புரதங்கள் அவற்றிடம் குறைந்திருப்பதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் விளக்குவர். மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டால் குழப்பமும் பக்கவாதம் போன்ற குறிகளும் தோன்றும். நுரையீரலில் அடைபட்டால் உயிர்வளி குறையும். தோலில் அடைபட்டால் செந்நிறத் திட்டுகள் எழக்கூடும். ஆசிய நாட்டு நோயாளர் பலரிடம் ஈரலும் மண்ணீரலும் வீங்குவதும், இரத்தத் தட்டணுக்கள் குறைவதும் காணப்பட்டுள்ளன. நோய் ஒன்று, அது பூணும் வேடங்களோ பல.

இந்நோயை 1959-இல் முதன்முதலாக விவரித்தவர்கள் ஃபிளேகர், டாப்பைனர் என்னும் தோல் மருத்துவர்கள். இரத்தக் குழாயின் உட்படலத்து அணுக்களே பெருகிவிட்டன என்று அக்காலத்தில் கருதப்பட்டது. அணுவின் மேலுள்ள புரதங்களை அடையாளம் காட்டும் சாயமுறைகள் வளர்ந்தபின், 1980-களில் அவை நிண அணுக்களே என்பது தெளிவாயிற்று. நோய்க்குச் சரியான பெயர் கிட்டவே கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. அதற்குப் பின்னரும் நெடுங்காலம், நோயாளர் பலருக்கு நோய் இன்னதென்று தெரிந்தது இறந்தபின் செய்த பரிசோதனையில்தான்.

உயிரோடிருக்கும்போதே இதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? முதற்குறிப்பைத் தருவது ஓர் எளிய இரத்தச் சோதனை. அணுக்கள் சிதையும்போது வெளிப்படும் எல்.டி.எச். என்னும் நொதியின் அளவு இந்நோயில் பெரும்பாலும் மிக உயர்ந்திருக்கும். வேறு நோய்களிலும் அது உயரும். ஆதலின், அது சான்றாகாது, சுட்டுவிரல் மட்டுமே. காரணம் விளங்காத காய்ச்சல், உயர்ந்த எல்.டி.எச்., புதிதாய்த் தோன்றிய மனக்குழப்பம் அல்லது மூச்சுத் திணறல் ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்க வேண்டும். சொற்களைத் தனித்தனியே பொருள்கொண்டால் செய்யுள் விளங்காது. கொண்டுகூட்டிப் பார்க்கும்போதே கருத்துப் புலப்படும் என்பது தமிழாசிரியர் அறிந்ததன்றோ?

முடிவான சான்று திசுச் சோதனையே. வியப்பூட்டும் செய்தி என்னவெனில், எவ்விதக் குறையும் தென்படாத தோலிலேயே அச்சான்று கிட்டக்கூடும் என்பதாம். தொடை, வயிறு, மேற்கை போன்ற சில இடங்களிலிருந்து, தோலின் அடியிலுள்ள கொழுப்புப் படலம் வரை ஆழமாகச் சிறு துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். கொழுப்பினூடே ஓடும் நுண்குழாய்களுக்குள் பெரிய நிண அணுக்கள் அடைந்திருந்தால் நோய் வெளிப்பட்டுவிடும். எலும்பு மச்சையும் ஆராயப்படும். தேவையெனில் நுரையீரலிலிருந்தும் திசு எடுப்பர். ஒரு சோதனையில் அணுக்கள் தென்படாமையால் மட்டும் நோய் இல்லையென்று துணிதல் கூடாது. ஸ்டீராய்டு மருந்தை முன்னரே கொடுத்துவிட்டால் காய்ச்சல் தணிந்து நோயாளி தேறியது போலத் தோன்றுவார். ஆனால், தேடும் அணுக்களும் அம்மருந்தால் தற்காலிகமாக மறைந்துவிடக்கூடும். இயலுமாயின் முதலில் சான்று, பின்னர் மருந்து என்னும் ஒழுங்கு இங்கே இன்றியமையாதது.

இத்துணைப் பாடுபட்டுக் கண்டறிந்து பயன் என்ன என்று சிலர் வினவலாம். பயன் உண்டு. ரிட்டுக்சிமாப் என்னும் எதிர்ப்புரத மருந்தைப் பிற புற்றுநோய் மருந்துகளுடன் சேர்த்து, மூளைக்கு நோய் பரவாதிருக்க மெத்தோட்ரெக்சேட்டையும் மிகுந்த அளவில் அளித்து ஜப்பானிய மருத்துவர் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அதில் பங்குபெற்றோர் 38 பேர். மூளையில் நோய் பரவியதாகத் தெரியாதவர்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நோய் முற்றாதிருந்தோர் விழுக்காடு 76. முன்பு இறந்தபின் மட்டுமே அறியப்பட்ட நோய்க்கு இது சிறிய வெற்றியன்று. எனினும், இந்நோய் விரைந்து முற்றும் தன்மையது. வாரங்கள் வீணானால் மருந்தின் வாய்ப்பும் குறைந்துவிடும்.

இது மிக மிக அரிய நோய். தளர்ந்த முதியவர் ஒவ்வொருவருக்கும் இது இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் துன்பத்திற்கு எளிய காரணங்களே இருக்கும். அந்த எளிய காரணங்களும் தேடினால்தான் கிடைக்கும் என்பதே இங்கு உணரத்தக்கது. திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கிறது. பேணுபவரை வள்ளுவர் ஓர் அங்கமாகவே வைத்தது கருதத்தக்கது. மருத்துவர் முதியவரைக் காண்பது பத்து நிமிடம். சென்ற மாதம் அவர் எப்படி இருந்தார் என்பதை அறிந்தோர் வீட்டிலுள்ளவர்களே. காய்ச்சல் வந்த நாள், குறைந்த எடை, பெயர் மறந்த வேளை ஆகியவற்றை ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் குறித்துச் செல்லும் மருமகள், விலையுயர்ந்த கருவி காட்டாத ஒன்றை மருத்துவருக்குக் காட்டிவிட முடியும்.

முதுமை மெல்ல மெல்ல வருவது. ஒரே மாதத்தில் ஒருவரை உருமாற்றும் ஆற்றல் அதற்கில்லை. திடீரென வந்த மாற்றத்தை முதுமையின்மேல் ஏற்றுவது வீண்பழி. முதியவர் முன்னைப்போல் இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, வயதைக் காட்டி அவர் வாயை அடைத்தல் ஆகாது. எந்த நாளிலிருந்து அப்படி என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிர் பிழைக்கவும் கூடும்.