பின்மொழியைப் பார்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மலர்,

அம்மாச்சிக்கு முழங்கால் வலி இன்னும் விட்டபாடில்லை. போன வாரம் போனில், ‘இன்ஃபோமெர்ஷியல்னா என்ன சித்தி?’ என்று கேட்டாய். பஸ்ஸில் இருந்ததால், டிவியில் வரும் நீளமான விளம்பரம் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லை விளக்கமாகச் சொல்ல வேண்டிய தேவை இப்போது நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

விடிகாலையில் டிவியில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மூட்டு எலும்புப் படத்தைக் காட்டி அரை மணி நேரம் பேசுகிறார். எண்ணெய் தேய்த்து வலி போனதாகச் சிலர் கண்கலங்குகிறார்கள். திரையின் அடியில் ஒரு போன் நம்பர் நகராமல் நிற்கிறது. அம்மாச்சி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, “இது டாக்டர் நிகழ்ச்சிடி, விளம்பரம் இல்லை” என்கிறாள்.

‘இன்ஃபோமெர்ஷியல்’ என்பது இன்ஃபர்மேஷன், கமர்ஷியல் என்ற இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல். இப்படி ஒட்டிய சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘போர்ட்மான்டோ’ என்று பேர். இரண்டு அறை உள்ள பெட்டியின் பேர் அது. லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட கதையில் ஹம்ப்டி டம்ப்டி வாயால் அதற்கு ஒட்டுச்சொல் என்ற அர்த்தத்தைக் கொடுத்தார். ‘கமர்ஷியல்’ லத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘காம்’ என்றால் சேர்ந்து, ‘மெர்க்ஸ்’ என்றால் சரக்கு. ஒட்டும்போது ‘காம்’ உதிர்ந்துபோய், தகவலுக்குப் பின்னால் சரக்கு மட்டும் நிற்கிறது.

சொல்லுக்கு முன்பே பொருள் இருந்தது. 1950 வாக்கில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்து டிவியில் பார்னார்ட் என்பவர் வைட்டமிக்ஸ் மிக்ஸியை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டி விற்றார். பிறகு விளம்பர நேரத்துக்கு அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையம் அளவு வைத்திருந்தது: மணிக்கு 16 நிமிடம். 1984இல் அதை எடுத்துவிட்டார்கள். நள்ளிரவு நேரம் மலிவாகக் கிடைத்தது. கம்பெனிகள் அரை மணி அரை மணியாக வாங்கின. 1980களில் இந்தச் சொல் பரவியது அப்படித்தான். 1992 அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ தன் பிரசாரத்துக்கே இப்படி நேரம் வாங்கி, அட்டைகளில் வரைபடம் காட்டிப் பொருளாதாரம் பேசினார்.

தொகைச்சொல்லில் முன்மொழியில் பொருள் சிறக்கிறதா, பின்மொழியில் சிறக்கிறதா என்று நம் இலக்கணம் கேட்கும். இதில் பின்மொழியில்தான். முன்னால் என்ன இருந்தாலும் இது கமர்ஷியல். நம் சேனல்களோ ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்கின்றன. பின்மொழியில் ‘நிகழ்ச்சி’ வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாச்சி காதில் விழுந்ததும் அதுதான். இருபது வருஷமாக மொழிபெயர்க்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: ‘தகவல் விளம்பரம்’ என்பதே சரியான சொல். விளம்பரமும் நிகழ்ச்சியும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்று நம் நாட்டின் 1994 கேபிள் டிவி விதிகளும் சொல்கின்றன. அந்தத் தெளிவு பேரிலேயே தொடங்க வேண்டும்.

வியாழக்கிழமை அம்மாச்சியை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நான் பேசினால் மகள் பேச்சு என்று தள்ளிவிடுகிறாள். நீ சொன்னால் கேட்பாள். பொங்கலுக்கு வரும்போது ஒருநாள் விடிகாலையில் அவள் பக்கத்தில் உட்கார். திரையில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் வந்தால், விரல் வைத்துக் காட்டி அவளையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்.

அன்புடன்,
சித்தி