பக்கத்துத் தெருப் பலகாரக் கடை

வெளிமாநிலத்திற்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் முதலில் விசாரிப்பது வீடு. அடுத்தது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மூன்றாவது, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது. இம்மூன்றும் ஒருவாறு தீர்ந்த பின்னர், வாய்விட்டுக் கேட்கச் சிறிது கூசும் நான்காவது கேள்வி ஒன்றுண்டு. “இங்கே காலையில் இட்டிலி எங்கே நன்றாயிருக்கும்?” என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே கேட்பார். இவர் வீட்டில் அடுப்பு எரிவதில்லையோ என்று பிறர் எண்ணிவிடுவரே என்ற அச்சம்!

மும்பை வட்டாரத்துத் தமிழருக்கு இக்கேள்விக்கு ஆயத்தமான விடையொன்று நெடுநாளாக உண்டு: மாதுங்கா. 1896-ஆம் ஆண்டு அந்நாளைய பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898-இல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி டிரஸ்டு, பின்னர் தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு மனைகளாக வகுத்தது. குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து பஜனை மடமும் பூக்கடையும் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையும் வந்து சேர்ந்தன. அவ்விடத்துச் சிற்றுண்டிச்சாலைகள் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள்: மைசூர் கபே 1936, ராம் ஆசிரயா 1939, கபே மெட்ராஸ் 1940, ரயில் நிலையத்தை ஒட்டிய இராம நாயக் உடுப்பி போர்டிங் 1942. ஆறே ஆண்டுகளில் இத்தனை! பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் இவ்வகைக் கடைகளை நடத்தி வந்தோர் பெரும்பாலும் தென்கன்னடத்தார். தமிழன் உண்பதில் காட்டிய ஊக்கத்தைக் கடை வைப்பதில் காட்டவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் குடும்பத்தோடு அங்கே சென்றதுண்டு. 2017 முதல் முற்றிலும் மகளிர் ஊழியரைக் கொண்டு நடைபெறும் நிலையம் என்று பெயர் பெற்றது அந்த மாதுங்கா நிலையம். ரயில்வேக்காரராகிய நாம் அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ஆனால் நாம் குடியிருப்பது கலியாணில். அங்கிருந்து மாதுங்கா நாற்பது கிலோமீட்டருக்கு மேல். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றுகொண்டு போய், கடை வாயிலில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, அழைப்பு வரும்வரை நடைபாதையில் மறுபடியும் நிற்க வேண்டும். அது க்ஷேத்திரம். க்ஷேத்திரத்திற்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போய் வரலாம். நாள்தோறும் பல் துலக்கியவுடன் போக முடியுமா?

நாள்தோறும் போக ஒரு கடை தேவைப்பட்டது எமக்கன்று, எம் தந்தையாருக்கு. இரண்டாண்டுகளுக்கு முன் எம் அன்னையார் காலமானார். காரியங்கள் முடிந்ததும், அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டித் தந்தையாரை அழைத்து வந்தோம். வயது 73. திருநெல்வேலி–செங்கோட்டை வழியில், அது மீட்டர் பாதையாக இருந்த நாளில், பாயிண்ட்ஸ்மேனாகப் பல்லாண்டு உழைத்தவர். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் நிலையத்தின் எதிரிலுள்ள கடையில் இரண்டு இட்டிலியும் ஒரு காப்பியும் முடித்து, நாலு பேரோடு நாலு வார்த்தை பேசிய பிறகே வீட்டுக்கு வருவது அவர் வழக்கம். ஓய்வு பெற்ற பின்னும் அவ்வழக்கம் விடவில்லை.

கலியாணில் வீட்டுக் காப்பிக்குக் குறைவில்லை. மாதுங்காவில் வறுத்து அரைத்த தூளில் எம் மனைவியார் இறக்கும் டிகாக்‌ஷனைக் குறை கூறுவோர் இலர். தந்தையாரும் கூறவில்லை, குடித்துவிட்டுச் சன்னலருகே அமர்ந்துகொள்வார். இந்தி தெரியாது; மராத்தி தெரியாது. நாம் அலுவலகத்திற்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின்னர் அந்தச் சன்னல்தான் துணை. நாளடைவில் மத்தியானச் சோறு பாதியாகக் குறைந்தது. ஒருநாள் இரவு, “எய்யா, எனக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுத் தா. அங்க செத்தாலும் நாலு பேர் அழைக்காம வருவாங்க” என்றார். பூட்டிய வீட்டில் தனியே என்ன செய்வார்? “கொஞ்ச நாள் பொறுங்கப்பா” என்பதற்கு மேல் எமக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் காலையே அவரைக் கூட்டிக்கொண்டு கடை தேடப் புறப்பட்டோம்.

முதலில் சென்றது பெருஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த புதிய உணவகம். தோசையில் மட்டும் நாற்பது வகை எழுதியிருந்தார்கள். அவற்றுள் பாலாடைக்கட்டி தூவியவையே பாதி. சாம்பார் நல்ல இனிப்பு. உடுப்பிச் சமையலில் வெல்லம் சேர்ப்பது மரபு. அதைக் குற்றமாகச் சொல்லலாகாது. ஆயினும் இங்கே வெல்லத்திற்குள் சாம்பாரைத் தேட வேண்டியிருந்தது. “பாயசத்துல காயத்தைப் போட்டாப்ல இருக்கு” என்று தந்தையார் தட்டை நகர்த்தினார். அதற்கென்றே காத்திருந்தவன்போல் பரிசாரகன் தட்டை எடுத்துப் போனான். மேலே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

அடுத்தது நிலையத்தின் அருகே நின்றுகொண்டே தின்னும் கடை. உண்மையைச் சொன்னால், இட்டிலி அங்கே நன்றாகவே இருந்தது. ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை கூட்டம் ஓயாததால், ஒரு ஈடு இறங்கி ஆறுவதற்குள் தீர்ந்து அடுத்த ஈடு வந்துவிடுகிறது. கடையின் இட்டிலியைத் தீர்மானிப்பது மாவு மட்டுமன்று, எத்தனை விரைவில் விற்றுப்போகிறது என்பதுமாகும் என்பது எம் எண்ணம். ஆனால் வண்டியைப் பிடிக்க ஓடும் கூட்டத்தினிடையே, முழங்கால் வலியுள்ள முதியவர் எத்தனை நேரம் தட்டேந்தி நிற்பார்?

மூன்றாவது, கோல்சேவாடிப் பக்கம் சந்து ஒன்றில் தமிழ்நாட்டு அம்மாள் ஒருவர் தள்ளுவண்டியில் நடத்தும் வியாபாரம். துணி போட்டு வார்த்த இட்டிலி. தேங்காயும் பொரிகடலையும் அளவாகச் சேர்த்த சட்டினி. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். எட்டு மணிக்குள் பாத்திரங்கள் காலியாகிவிடும். ஆனால் உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது, எல்லாம் பொட்டலந்தான். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடமே வாங்குகிறோம்.

நான்காவதாகக் கண்ட கடைக்குக் காய்கறிச் சந்தையின் பின்புறத் தெருவில் ஒரு பழைய உடுப்பி ஹோட்டல் என்பதைத் தவிர வேறு அடையாளம் சொல்வதற்கில்லை. சலவைக்கல் பதித்த மேசைகள் ஆறு. சுவரில் ஒரு கடிகாரம். கல்லாப்பெட்டியின்மேல் கிருஷ்ணன் படம். முதலாளி குந்தாப்புரத்தார். இளமையில் சென்னையில் எச்சில் தம்ளர் கழுவியவராம். ஆதலால் சிறிது தமிழ் பேசுவார். இட்டிலி நடுத்தரம். மார்கழிக் குளிரில் மாவு சரியாகப் பொங்காமல் சற்றுக் கெட்டியாகவும் ஆகிவிடும். காப்பி எருமைப்பாலில் போட்டது. பாலே முன்னால் வந்து நிற்கும். சிக்கரியும் தாராளம். கலப்புத் தூளில் காப்பி 51 சதவிகிதத்திற்குக் குறையக்கூடாது என்பது சட்டம். கடைக்காரர் அந்த எல்லையிலேயே நடக்கிறார் என்று எம் நாக்கு சொல்கிறது.

அப்படியிருந்தும் அங்கே நாம் கவனித்தது ஒன்று. மூலை மேசையில் ஒரு கிழவர் வெறும் தேநீர்க் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. பையன் அம்மேசையைத் துடைக்கும்போது, தாளை உயர்த்தும்படி சைகை காட்டினான், அவர் உயர்த்தினார், துடைத்தான், மறுபடியும் படித்தார். சாம்பாரின் இனிப்பை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டோம்.

வேறிடமில்லாமையால் அவருக்கு எதிரிலேயே அமர்ந்தோம். கலியாண் பெரிய சந்திப்பு. மும்பையிலிருந்து வரும் பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கசாரா வழியே நாசிக்கிற்கும், மற்றொன்று கர்ஜத் வழியே புனேக்கும் போகிறது. சரக்கு வண்டியின் ஊதல் எந்நேரமும் காதில் விழும். அப்போதும் விழுந்தது. கிழவர் தாளிலிருந்து தலையெடுக்காமலே, “பாங்கர்” என்று முணுமுணுத்தார். தந்தையார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். இவ்வூருக்கு வந்தபின், எம் வாய் வழியே அல்லாமல் அவருக்கு விளங்கிய முதல் சொல் அதுவே.

அக்கிழவர் கர்ஜத்தில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கர்ஜத்திலிருந்து லோனாவளா வரை போர்காட் மலையேற்றம். முப்பத்தேழு அடிக்கு ஓரடி வீதம் ஏறுவது. ஏறும் வண்டிகளுக்குப் பின்னால் பாங்கர் எஞ்சின்களை மாட்டித் தள்ளுவார்கள். அத்தள்ளு எஞ்சினில் அவர் பல்லாண்டு இருந்திருக்கிறார். தந்தையாருக்கோ செங்கோட்டைக்கு அப்பாலுள்ள மலைப்பாதை சொந்த வீட்டு முற்றம் போன்றது. பேச்சுக்குத் தமிழும் உதவவில்லை, மராத்தியும் உதவவில்லை. லைன் கிளியர், லூப், அப், டவுன், கார்டு, பிரேக்வேன், டோக்கன் என்னும் ரயில்வேச் சொற்களே உதவின. அவற்றை ஒன்றோடொன்று கைச்சைகையால் கோத்துக்கொண்டு இருவரும் ஒரு மணி நேரம் பேசினர். டோக்கன் என்ற சொல் வந்ததும் தந்தையார் அவருடைய செய்தித்தாளையே உரிமையோடு வாங்கி வளையமாகச் சுருட்டினார். தோற்பையில் இரும்புக் குண்டை இட்டு வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியின் டிரைவருக்கு நீட்டும் முறையை எழுந்து நின்று காட்டினார். இடக்கையில் விளக்கு, வலக்கையில் வளையம். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போயிற்றோ! பையன் தட்டுகளுடன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான்.

அன்றிலிருந்து காலை ஆறரை முதல் எட்டு வரை அம்மேசை அவர்களுடையது. முதல் வாரம் நாம் உடன் போனோம், பிறகு தேவைப்படவில்லை. இப்போது கூட்டம் ஐந்து பேராகிவிட்டது. அங்கே எல்லாரும் தந்தையாரை “அண்ணா” என்றே அழைக்கின்றனர். “என் மகன் வயசுக்காரனும் அண்ணாங்கான்!” என்று முதலில் முகஞ்சுளித்தார். மராத்தியிலும் அது பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல் என்று விளக்கிய பின் அமைதியானார். காப்பியை விட்டுத் தேநீருக்கும் மாறிவிட்டார். ஒரு தேநீரை வாங்கி இரு தம்ளரில் பகிர்ந்துகொள்ளும் ‘கட்டிங்’ வழக்கத்தில் ஒருவர் மட்டும் காப்பி கேட்டால் கணக்கு உதைக்குமாம்.

பலகாரத்திலும் பழக்கம் விரிந்தது. கழுவிய அவலை வெங்காயம், கடுகு, மஞ்சள் தாளிதத்தில் புரட்டி, வேர்க்கடலையும் கொத்துமல்லியும் தூவித் தரும் காந்தா போஹாவை, “அவலை வெல்லம் போடாம யார் திம்பா?” என்று கேட்டவர், இப்போது வாரத்தில் இரண்டு நாள் உண்கிறார். சங்கடசதுர்த்தி விரத நாளில் மராத்தியர் உண்பது ஜவ்வரிசிக் கிச்சடி. அந்த ஜவ்வரிசிக்குப் பேர்போன இடம் நம் சேலம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்துச் செய்வது. அதை விற்பதற்கென்றே 1981 முதல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் அங்கே உண்டு. ஒருநாள் இரவு இதைத் தந்தையாரிடம் சொன்னோம். மறுநாள் காலை ஐந்து பேருக்கும் அச்செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கிழங்கை எப்படி வரைந்து காட்டினாரோ, அறியோம். எங்கள் ஊர்ச் சரக்கை வைத்துத்தான் உங்கள் விரதமே நடக்கிறது என்னும் தோரணையில் வீடு திரும்பினார்.

மத்தியானச் சோறு பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று எம் மனைவியார் கூறுகிறார்.

கவலையும் இல்லாமலில்லை. அக்கட்டடம் பழையது, இடித்து உயரக் கட்டும் பேச்சு தெருவில் அடிபடுகிறது. முதலாளியைக் கேட்டால், “பார்க்கலாம், சார்” என்று கிருஷ்ணன் படத்தைக் காட்டுகிறார். அவருடைய பிள்ளைகளுக்குக் கடையில் நாட்டமில்லை என்றும் கேள்வி. இவ்வட்டாரத்தில் பழைய ஈரானி ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக மறைந்ததும் இப்படித்தான். தோபி தலாவில் 1904-இல் தொடங்கிய கயானி போன்ற சிலவே எஞ்சியுள்ளன. வழிவழியாக உண்டவர்கள் இருந்தனர். கல்லாவில் வந்து உட்காரத்தான் ஆளில்லை.

வரும் ஆவணியில் அன்னையாரின் திதி. அதை அம்பாசமுத்திரத்தில் ஆற்றங்கரையில்தான் கொடுக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். சென்ற வாரம் பயணச்சீட்டுப் பதிவு செய்ய அமர்ந்தபோது, திரும்பும் தேதியை எப்படிக் கேட்பது என்று நாம் தயங்கிக்கொண்டிருந்தோம். அவரே அருகில் வந்து நின்றார்.

“திரும்பி வாறதுக்கும் சேத்தே போட்டுரு எய்யா. பத்து நாளு போதும். செங்கோட்டைக்குப் போயி, அந்தப் பதிமூணு கண் பாலத்தைப் படம் பிடிச்சுக் கொண்டாறேன்னு கர்ஜத்துக்காரர்ட்ட சொல்லியிருக்கேன்.”