புதுவையின் பெயர் தாங்கிய குருவி

புதுச்சேரி என்றதும் நேரான வீதிகளும், கடற்கரையும், பாரதியாரின் குயில் தோப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வூரின் பெயரை உலகத்துப் பறவை நூல்களிலெல்லாம் தாங்கி நிற்கும் ஒரு சிறு குருவியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஸொன்னரா என்ற பிரெஞ்சு யாத்திரிகர், 1782-இல் வெளியிட்ட தம் நூலில் இதைப் 'புதுச்சேரி ஈப்பிடிப்பான்' என்று வர்ணித்தார். அவ்வர்ணனையை ஆதாரமாகக் கொண்டு, 1789-இல் க்மெலின் என்ற ஜெர்மானியப் பண்டிதர் ஊரின் பெயரையே லத்தீனில் சூட்டினார். பிற்காலத்தார் இதைக் கீச்சான் இனத்தில் சேர்த்தனர். தமிழிலும் 'காட்டுக் கீச்சான்' என்கிறார்கள். ஆயினும் இரையை முள்ளில் குத்தி வைக்கும் கீச்சானின் வழக்கம் இதனிடம் இல்லை. மடகாஸ்கர் தீவின் வாங்காப் பறவைகளே இதன் சுற்றத்தார் என்பது இக்காலத்து மரபணு ஆராய்ச்சியின் முடிவு.

இதை அடையாளம் காண்பது எப்படி? சிட்டுக்குருவியினும் சற்றுப் பெரியது. மேனி பழுப்பேறிய சாம்பல் நிறம். கண்ணின் வழியே ஓடும் அகன்ற கரும்பட்டையையும், அதற்குமேல் வெண்புருவத்தையும் பாருங்கள். பறக்கையில் வாலின் இரு ஓரங்களிலும் வெண்மை பளிச்சிடும். ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ கிளைக்குக் கிளை தாவி, இலைகளிடையே பூச்சிகளைப் பொறுக்கித் தின்னும். இனிய சீழ்க்கையொலியே பெரும்பாலும் அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கும். கிளைக் கவட்டில் நாரையும் பட்டைத் துணுக்கையும் சிலந்தி நூலால் பிணைத்து அது கட்டும் கிண்ணம் போன்ற கூடு, மரத்தோடு மரமாய் மறைந்துவிடும்.

நகர வீதிகளில் இதைத் தேடிப் பயனில்லை. வறண்ட காடும் முட்புதருமே இதன் வாசஸ்தலம். சோழமண்டலக் கரையின் பழங்காடோ விறகுக்கும் வயலுக்குமாக அழிந்து, இன்று பெரும்பாலும் கோயிற்காடுகளில் துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. புதுவைக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் ஒன்று. எனினும் மனம் வைத்தால் காடு மீளும். 1968-இல் ஆரோவில் தோன்றியபோது பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில், பல்லாண்டு உழைப்பால் இன்று மரங்கள் நிழல் பரப்புகின்றன.

பிரெஞ்சுக்காரர் வர்ணித்தார், ஜெர்மானியர் பெயரிட்டார். 1954-இல் ஊர் நம் நாட்டோடு சேர்ந்தது. அதன் பெயர் தாங்கிய பறவையை நம் பிள்ளைகள் லத்தீன் ஏட்டில் மட்டும் காணும்படி விடலாமா? ஒரு விடியற்காலையில் அவர்களைக் காட்டோரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சற்றே மௌனமாக நின்று, செவி சாய்க்கப் பழக்குங்கள். திரும்பும்போது ஒரு சுள்ளியும் ஒடிக்காமல் வாருங்கள்.