கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்து

பத்திரிகையைக் கையில் எடுத்ததும் சிலர் ராசி பலன் பார்ப்பார்கள். சிலர் மரண அறிவிப்புகளைப் பார்ப்பார்கள். என் மாமனார் தங்கம் விலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் தலைப்புச் செய்திக்கே வருவார். நான் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு வரியைத் தேடுகிறவன். உரிமையாளருக்காக அச்சிட்டவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார் என்று எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பார்களே, அந்த வரி.

1867-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதைக் கட்டாயமாக்கியது. வாசகனுக்கு உபகாரம் செய்யவேண்டும் என்று வெள்ளைக்காரன் அதைப் போடச் சொல்லவில்லை. பத்திரிகையில் வில்லங்கமாக ஏதாவது வந்தால் யார் கையில் விலங்கு மாட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. வருஷா வருஷம் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில், பத்திரிகை யாருக்குச் சொந்தம், மொத்த மூலதனத்தில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் யார் என்று, விலாசத்தோடு வெளியிட வேண்டும் என்றன. 'படிவம் 4' என்று அதற்குப் பெயர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் அதைத் தேடிப் படித்து வந்திருக்கிறேன். யார் மகன், யார் மருமகள், எந்தத் தெருவில் வீடு என்று எல்லாம் அதில் இருக்கும். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடச் சுவாரசியமான பக்கம் ஒரு பத்திரிகையில் கிடையாது.

"அரசியலைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை? கிரிக்கெட்டைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதுகிறார்கள். பி.ஏ. வாசற்படியைக்கூட மிதிக்காத என்னிடம் போய் அபிப்பிராயம் கேட்கிறார்களே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என்னிடம் ஒரே ஓர் அபிப்பிராயம் உண்டு. அது அரசியலுக்கும் பொருந்தும், கிரிக்கெட்டுக்கும் பொருந்தும். ஒரு சேதியைக் கேட்டால், அதைச் சொல்லுகிற வாய் யாருடைய சோற்றைச் சாப்பிடுகிறது என்று பார்த்துக்கொண்டு பிறகு நம்பலாம் என்பதுதான் அது.

முதலாளி என்றாலே கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வாஸ்தவம் அவ்வளவு சுலபமாக இல்லை. தமிழ்ப் பத்திரிகைச் சரித்திரத்தையே எடுத்துக் கொள்ளுங்களேன். 'தினமணி'யின் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம், 1943-இல் நிர்வாகத்தோடு ஒத்துப் போக முடியாமல் விலகினார். அவரோடு சேர்ந்து விலகியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். மறு வருஷம் 'தினசரி' என்று சொந்தமாக ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். அது நிலைக்கவில்லை. பேனா இருந்தது, ரோஷம் இருந்தது. காகிதம் வாங்கப் பணம் வேண்டுமே! இதைப் படித்த எவரும் அந்த நிர்வாகத்தின் தலைவரான ராம்நாத் கோயங்காவைத் திட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். ஆனால் அதே கோயங்காவின் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்', 1975-இல் நெருக்கடி நிலை பிரகடனமான மூன்றாம் நாள், தலையங்கத்துக்குரிய இடத்தை வெள்ளையாக விட்டு வெளியிட்டது. சர்க்காருக்குப் பயந்து எத்தனையோ பேர் குனிந்து நின்ற காலத்தில் அந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். தன் ஆசிரியருக்கு விட்டுக் கொடுக்காத பிடிவாதம்தான் சர்க்காருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன. அவரை நம்புவதா, கூடாதா என்று என்னைக் கேட்டால், எந்த வருஷத்தில் என்று திருப்பிக் கேட்பேன்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2007-ஆம் வருஷம் மே 9-ஆம் தேதியை நான் மறக்கவில்லை. 'தினகரன்' பத்திரிகையை அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னால்தான் சன் குழுமம் வாங்கியிருந்தது. சன் குழுமம் என்றால் முரசொலி மாறனின் மக்கள். கருணாநிதிக்குப் பேரன் முறை. அன்றைய இதழில் ஒரு கருத்துக் கணிப்பு வந்தது. கருணாநிதிக்குப் பிறகு யார் என்று கேட்டு, இவருக்கு இத்தனை சதவிகிதம், அவருக்கு இத்தனை சதவிகிதம் என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்டாலினுக்கு எழுபது, அழகிரிக்கு இரண்டு. மதுரையில் அன்றைக்கே பத்திரிகைக் காரியாலயம் தாக்கப்பட்டது, தீ வைத்தார்கள். இரண்டு கணினிப் பொறியாளர்களும் ஒரு காவலாளியும் செத்துப் போனார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். மாறன் சகோதரர்களில் ஒருவர் மத்திய மந்திரி பதவியை விட்டார். அந்த செப்டம்பரிலேயே கலைஞர் தொலைக்காட்சி பிறந்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு தொலைக்காட்சி ஸ்தாபனங்கள்; இரண்டிலும் இரண்டு விதமான சேதி. 2008 டிசம்பரில் குடும்பம் மறுபடியும் ஒன்று சேர்ந்தது. நல்லதுதான், குடும்பங்கள் பிரிந்திருப்பதில் யாருக்கு என்ன லாபம்? வழக்கு மட்டும் தன் வழியில் நடந்தது. 2009-இல் கீழ்க் கோர்ட்டில் எல்லோரும் விடுதலை. 2019-இல் ஹைகோர்ட்டு அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு வருஷம்!

அந்த மூன்று பேரைப் பற்றித்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவு வருகிறது. அந்தக் கணிப்பை அவர்கள் எடுக்கவில்லை. அதில் அவர்களுக்கு அபிப்பிராயம் இருந்ததா என்றுகூட யாருக்கும் தெரியாது. ஒருவர் கதவைக் காத்தார்; இரண்டு பேர் இயந்திரத்தைப் பார்த்துக் கொண்டார்கள். கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்தில் அவர்கள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. யாருடைய பத்திரிகை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இல்லை. பதில் சொன்னது அவர்கள் உயிர்.

சரி, கிரிக்கெட்டு. எங்கள் வீட்டில் சித்திரை வைகாசி வந்தால் பையன் மஞ்சள் சட்டையைக் கழற்றமாட்டான். நானும் அந்தக் கட்சிதான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் 2008-இல் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தில் ஒரு விதி இருந்தது. வாரியத்து நிர்வாகி எவரும், வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபார சம்பந்தம் வைத்துக் கொள்ளக் கூடாது. கண்ணியமான விதி. அந்த வருஷத் தொடக்கத்தில் ஐ.பி.எல். அணிகள் ஏலம் போயின. சென்னை அணியை இந்தியா சிமென்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்தக் கம்பெனியின் தலைவர் என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். விதி உதைத்தது. என்ன செய்தார்கள்? அந்த செப்டம்பரில் விதியைத் திருத்தி, 'ஐ.பி.எல். நீங்கலாக' என்று சேர்த்தார்கள். 'மதுவிலக்கு உண்டு, சாராயம் நீங்கலாக' என்று சொல்வது போலத்தான்.

விதியின் அந்தச் சின்னத் திருத்தம் கசப்பாகக் காய்க்க ஐந்து வருஷம் பிடித்தது. 2013-இல் சூதாட்டப் புகார் கிளம்பி, அணி வட்டாரத்தில் பெரிய மனிதராக உலவிய சீனிவாசனின் மாப்பிள்ளையே கைதானார். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2015 ஜனவரி 22-ஆம் தேதி, தாக்கூர், கலிஃபுல்லா என்ற இரண்டு நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லாது என்றார்கள். (கலிஃபுல்லா நம் தமிழ்நாட்டுக்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) அதே ஜூலையில் லோதா கமிட்டி சென்னை அணியை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது. பையன் அழுதான். விதியை யாரோ திருத்தினார்கள், சூது யாரோ ஆடினார்கள், நமக்கு ஏன் ஆட்டம் இல்லை என்று கேட்டான். நியாயமான கேள்வி. டீம் அவர்களுடையது, ஆசை மட்டும்தான் நம்முடையது என்று அந்த வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? இலை போட்டுச் சாதத்தைப் பிசைந்து கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

2018-இல் அணி திரும்பி வந்தது. வந்த வேளை காவிரி விவகாரம் கொதித்துக் கொண்டிருந்தது. அந்த பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியும், மேலாண்மை வாரியத்தை அமைக்காமல் டில்லி இழுத்தடித்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஆட்டம். வெளியே மறியல். மஞ்சள் சட்டை போட்டு வந்த ரசிகர்கள் சிலர் வழியில் அடிபட்டார்கள். மைதானத்துக்குள்ளே செருப்பு பறந்தது. மிச்ச ஆட்டங்கள் பூனாவுக்குப் போயின. ஓர் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் ஏறிப் பின்னாலேயே போனார்கள்.

இதைப் பற்றி என் சிநேகிதர் ஒருவருக்கும் எனக்கும் பேச்சு முற்றி ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். "விளையாட்டில் ஏன் ஐயா அரசியலைக் கலக்கிறார்கள்?" என்றார் அவர். சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவனை அடித்தது அக்கிரமம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முந்தின வருஷம் நம் பக்கத்து விவசாயிகள் டில்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு 41 நாள் உட்கார்ந்தார்கள். செத்த எலியை வாயில் கவ்விக் காட்டினார்கள். வெறுமனே உட்கார்ந்தால் காமிரா வராது, எலியைக் கடித்தால்தான் வரும் என்ற நிலைமையை உண்டாக்கியது யார்? சேப்பாக்கத்துக்கு அவர்கள் வந்தது கிரிக்கெட்டின் மேல் உள்ள விரோதத்தினால் அல்ல. தேசம் முழுவதும் பார்க்கும் காமிரா அன்று சாயங்காலம் அங்கேதான் இருந்தது. தண்ணீர் கேட்கிறவன் கிணறு இருக்கிற இடத்துக்குத்தானே வருவான்?

அந்த வருஷம் இறுதி ஆட்டம் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும். நாம் ஜெயித்தோம். ஹைதராபாத் அணி யாருடையது? சன் தொலைக்காட்சியுடையது. 2012-இல் அதற்கு முந்தின ஹைதராபாத் அணியின் முதலாளிகள் நொடித்துப் போனதால் இவர்கள் கைக்கு வந்தது. நொடித்தவர்கள் யார் தெரியுமா? 'டெக்கான் கிரானிக்கிள்' என்ற பத்திரிகையின் சொந்தக்காரர்கள்! பத்திரிகை விற்ற காசில் பந்தாட்டம் வாங்கி, பந்தாட்டத்தில் பத்திரிகையையும் ஆட்டங்காண வைத்தார்கள். மும்பை அணி ரிலையன்ஸுடையது. அந்தக் கம்பெனியிடம் 2014 முதல் ஒரு பெரிய செய்தித் தொலைக்காட்சிக் குழுமம் இருக்கிறது. 2023 முதல் ஐந்து வருஷ ஆட்டங்களைக் காட்டும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அப்போது கணக்கிட்டபடி ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. ஏலத்தில் எடுத்த இரண்டு போட்டிக் கம்பெனிகளும் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. அந்த ஒன்றில் பெரிய கை ரிலையன்ஸின் கை. ஆக, ஆடுகிறவரும் அவர், காட்டுகிறவரும் அவர், ஆட்டம் எப்படி இருந்தது என்று மறுநாள் செய்தி சொல்கிறவரும் அவர். மணமகன் வீட்டார், மணமகள் வீட்டார், புரோகிதர், பந்தியில் சாப்பாட்டைப் புகழ்கிறவர் எல்லோரும் ஒருவரே என்றால், மொய் எழுதுகிறவன் மட்டும் நாம்!

ஆட்டத்தில் மோசடி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. என் கவலை வேறு. 2016-இல் ஹர்ஷா போக்ளேயை வர்ணனையிலிருந்து திடீரென்று எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் ஒருவரை எடுத்தால், மிச்சம் இருக்கிற பத்துப் பேர் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். அப்புறம் யாரும் அவர்கள் வாயைக் கட்ட வேண்டியதில்லை.

இது வர்ணனையாளருக்கு மட்டும் நேர்வதா? சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்குக் கதை ஒன்று அனுப்பியிருந்தேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். ஆலைப் புழுதியில் நுரையீரல் கெட்டுப்போன ஒரு கிழவரைப் பற்றிய கதை. உதவி ஆசிரியர் போன் செய்தார். நல்ல பையன், என் கதைகளை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பவன். "அண்ணா, கதை பிரமாதம். ஆலை மட்டும் வேண்டாம். கல் குவாரி என்று வைத்துக்கொள்ளலாமா?" என்றான்.

"ஏன், கல் குவாரிக்காரர்கள் உங்களுக்கு விளம்பரம் தருவதில்லையா?" என்றேன்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இரண்டு குழந்தைகள் அண்ணா" என்றான்.

கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு அது ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. சன்மானம், இரண்டு பிரதிகள். கிழவர் ஆலையிலேயே இருந்தார். என்னால் முடிந்தது, எனக்கு வேறு பத்து இடம் உண்டு. அவனுக்கு அந்த ஒரு நாற்காலிதான். அவன் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. போன வருஷம் அவன் மகளின் பிறந்த நாளுக்குக்கூடப் போய்வந்தேன்.

பேசாமல் இருந்த சிநேகிதர் இப்போது சமாதானமாகிவிட்டார். அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். பத்திரிகைக்கு இருந்த அந்தச் சின்ன எழுத்தைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தால் என்ன? செய்திக்கு முன்னாலும், டாஸ் போடுவதற்கு முன்னாலும், இதைக் காட்டுகிறவர் இன்னார், இன்ன அணியும் இன்ன ஆலையும் அவருடையவை என்று அரை நிமிஷம் திரையில் நிறுத்தட்டுமே. எழுத்துப் பெரியதாக இருந்தால் என் மாமனாரும் கண்ணாடி இல்லாமல் படிப்பார்.

சிநேகிதர் காப்பியை ஆற்றியபடியே யோசித்தார். "நல்ல யோசனைதான். ஆனால் அந்த அரை நிமிஷத்தை உங்களுக்கு வழங்குவோர் என்று ஒரு பான் மசாலாக் கம்பெனி வந்து நிற்குமே!" என்றார்.