பேசாமே மூச்சோ

பல்லாவரத்தில், இருப்புப்பாதைக்கு அணித்தான ஒரு சிறு தெருவில் எமது இல்லம் உள்ளது. அத்தெருவின் கோடியில், ஓடு வேய்ந்த பழைய வீடொன்றில், இரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் தம் மனைவியாருடன் வாழ்ந்து வந்தார். மாலை ஆறு மணியளவில் அவ்வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து கிட்டார் ஒலி எழும். மீனம்பாக்கத்து விமானம் தலைக்குமேற் செல்லுங்கால் அவர் கையை நிறுத்துவார். இரைச்சல் தேய்ந்தபின் விட்ட இடத்தில் மீண்டும் தொடங்குவார். எத்துணைப் பாட்டுக்கள் வாசிப்பினும், இறுதியில் மெல்லப் பாடிக்கொண்டே வாசிப்பது என்றும் ஒரே பாட்டுத்தான். அதன் முதலிரு சொற்கள் எம் இளஞ்செவிக்குப் 'பேசாமே மூச்சோ' என்று கேட்டன. பேசாதிருப்பவரிடத்து எஞ்சுவது மூச்சொன்றுதானோ என்று எவரோ வினவுவதாக யாம் பொருள் கொண்டிருந்தோம். தெருச் சிறாரும் அவ்வாறே பாடித் திரிந்தனர். ஒருவரும் பிழை கண்டிலர்.

இற்றைக்கு ஈராண்டின் முன், எம் பதினேழாம் அகவையில், அச்சொற்களின் உண்மைப் பொருளைக் கைப்பேசியிற் றேடிக் கண்டோம். அவை ஸ்பானிய மொழியின. 'பெஸாமே முச்சோ' என்பது பாட்டின் பெயர். 'மிகுதியாய் என்னை முத்தமிடு' என்பது அதன் பொருள். அந்நாளில் யாம் ஞாயிறு பள்ளியிற் சிறுவர் வகுப்பை ஏற்றிருந்தோம். லெந்து காலமாதலின், மாலைதோறும் எம் முன்னறையிற் பிள்ளைகள் கீர்த்தனை பயின்றுகொண்டிருந்தனர். அவர்கள் குரலுக்கிடையே சாளரத்தின் வழியாக அப்பாட்டு வந்தது. எமக்குச் சினம் மூண்டது. அறிவு புதிதாய் வந்தவனுக்குச் சினமும் உடன் வரும் போலும். நேரே சென்று அவர் தாழ்வாரத்தில் நின்றோம்.

"அங்கிள், இந்தப் பாட்டுக்கு அர்த்தம் இப்பத்தான் தெரிஞ்சுது. சின்னப் பிள்ளைங்க கேக்குற நேரம். வேற பாட்டு வாசிக்கக் கூடாதா?"

அவர் சிறிது நேரம் எம்மை நோக்கினார். பின்னர் உள்ளங்கையை நரம்புகளின்மேற் பரப்பி ஒலியை அடக்கினார். "சரி மேன்" என்றார். வேறொன்றும் கூறிலர். அன்றுமுதற் கிட்டார் ஒலிக்கவில்லை. வீட்டில் இதனைப் பெருமையாக உரைத்தபோது, "பெரிய மனுஷர்கிட்ட போய் அப்படிச் சொல்லலாமாடா?" என்று அன்னையார் கடிந்தார். யாம் செய்தது நன்றென்றே அப்பொழுதும் எண்ணியிருந்தோம்.

நிற்க. அப்பாட்டின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். அதனை இயற்றியவர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்னும் அம்மையார். மெக்சிக்கோ நாட்டின் ஹலிஸ்கோ மாநிலத்தில் 1916-ஆம் ஆண்டிற் பிறந்து, பியானோ இசையில் முறையாகத் தேர்ந்தவர். 'பொலேரோ' என்பது கியூபாத் தீவின் சந்தியாகோ நகரிற் சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டிலே தோன்றி மெக்சிக்கோவிற் பரவிய காதற்பாட்டு வகை. அவ்வகையிலே இப்பாட்டை அவர் தம் இளமையில் யாத்தார். ஸ்பானிய இசைப்புலவர் கிரனாடோஸ் இயற்றிய 'கோயெஸ்காஸ்' இசைநாடகத்தின் ஒரு பண் அவருள்ளத்தைத் தூண்டியது என்பர். அந்நாடகம் 1916-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதனைக் கண்டு திரும்புங்கால், கிரனாடோஸ் மனைவியாருடன் ஏறிய கப்பலை ஆங்கிலக் கால்வாயில் நீர்மூழ்கி தாக்கியது. இருவரும் கடலில் மாண்டனர்.

வியப்புக்குரியதொன்றுண்டு. இப்பாட்டை எழுதிய காலத்தில் தாம் எவராலும் முத்தமிடப்பெற்றதில்லை என்றும், முத்தம் பாவமென்றே கேட்டு வளர்ந்ததாகவும் அவ்வம்மையாரே பிற்காலத்திற் கூறியுள்ளார். எம்மைப் போன்றே ஒழுக்கம் கற்பிக்கப்பெற்ற ஒருவரின் பாட்டையே யாம் ஒழுக்கத்தின் பெயரால் அடக்கினோம்!

உலகம் அதனை வேறு வகையாக ஏற்றது. இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலம் அது. சன்னி ஸ்கைலர் அமைத்த ஆங்கிலச் சொற்களோடு ஜிம்மி டார்சியின் குழுவினர் பாடிய இசைத்தட்டு, 1944-இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பாட்டின் கருத்தோ எளியது. இவ்விரவே இறுதி இரவாகுமோ என்றஞ்சும் ஓர் உள்ளம், நாளை நெடுந்தொலைவிற் பிரிந்திருக்க நேருமே என்று இன்றே அன்பை வேண்டுகிறது, அவ்வளவே. போருக்குச் செல்வோரும் வழியனுப்புவோரும் அதனைத் தமதாகக் கொண்டதில் வியப்பில்லை. 1962-ஆம் ஆண்டின் முதல் நாளிற் பீட்டில்ஸ் குழுவினர் டெக்கா நிறுவனத்தார் முன் பாடிக் காட்டிய பாட்டுக்களுள் இதுவும் ஒன்று. 2023-இல் யுனெஸ்கோ பொலேரோவைக் கியூபா, மெக்சிக்கோ ஆகிய இரு நாடுகளின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இவற்றையெல்லாம் யாம் அன்று அறிந்திலேம். கல்லூரியிற் சேர்ந்து பட்டினப்பாலை பயிலப் புகுந்தபோதுதான் உள்ளம் உறுத்தத் தொடங்கிற்று. அந்நூலுக்கு 1906-இல் ஆராய்ச்சியுரை வரைந்த மறைமலையடிகள், 1898 முதல் 1911 வரை எம் கல்லூரியிலே தமிழாசிரியராய் விளங்கி, பின்னர் எமது பல்லாவரத்திலேயே வாழ்ந்தவர். ஆதலின் அந்நூலைத் தனியார்வத்தோடு கற்றோம். 301 அடிகளுள் பிரிவைப் பற்றியன மிகச் சிலவே. காவிரிப்பூம்பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் தன் நெஞ்சிற்கு உரைக்கின்றான். இதனை உணராதவர் அந்நூலை வெறும் நகர வருணனை என்றே கொள்வர். அகப்பாட்டிற்குச் சொற்பொருள் மட்டும் போதாது. கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அறிதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. கூறுவார் யார், கேட்பார் யார், எங்கு, எப்பொழுது? இவ்வினாக்களுள் ஒன்றையேனும் யாம் அத்தாழ்வாரத்திற் கேட்டோமில்லை. முத்த வேட்கையோடே தொடங்கும் உன்னதப்பாட்டை வேதாகமத்தில் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாரின் பாட்டில் ஒரு சொல்லுக்கு அஞ்சினோம்.

ஆயினும், யாம் இதனை உணர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. அவ்வம்மையார் பாரிச வாயுவாற் பேச்சிழந்து படுத்த படுக்கையாய் இருந்தார் என்பது தெருவறிந்ததே. யாம் பாட்டை அடக்கிய நான்காம் திங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்க ஆராதனையில் யாமும் கலந்துகொண்டோம். ஒன்றும் பேச நா எழவில்லை. பின்னும் ஓராண்டு கழிந்தே, ஒரு மாலைப்பொழுதில், மன்னிப்பு வேண்டி அத்தாழ்வாரத்தில் நின்றோம்.

அவர் எம்மை அமரச் செய்து, உள்ளே ஒரு சாளரத்தைச் சுட்டினார். அதன் பின்னே கட்டில் இருந்தது. "அங்கேதான் படுத்திருந்தா" என்றார். இளமையில் அரக்கோணத்து இரயில்வே இன்ஸ்டிடியூட் நடனத்தில் இருவரும் முதன்முதற் சேர்ந்தாடியது அப்பாட்டிற்காம். பின்னர் அவர் இரவு வண்டிக்குப் புறப்படும்போதெல்லாம் வாயிலில் நின்று அம்மையார் அதனைப் பாடுவாராம். பேச்சு நின்றபின் அவர் பாடத் தொடங்கினார்.

"நிறுத்தினப்புறம் ஆன்ட்டி கேக்கலையா, அங்கிள்?"

"கேட்டா மேன். விரலாலே கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கேட்டா. தந்தி அறுந்துபோச்சுன்னு சொன்னேன்."

"எங்க வீட்டுல சத்தம் போட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? உன்னை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அன்பர்களே, அதற்குப் பின் யாம் வேண்டிய மன்னிப்பை அவர் அளித்தாரா, அளிக்கவில்லையா என்று இன்றும் அறியோம். அவர் எழுந்து தேநீர் போடச் சென்றார். கிட்டார் உறையினுள்ளே சுவரிற் சாய்ந்திருந்தது. அதனை எடுத்து வாசிக்குமாறு கேட்க எமக்குத் துணிவில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்னர் அவர் மெல்பர்னிலுள்ள தம் மகளிடம் சென்றுவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கின்றது. கூற்றும், கேட்போரும், களனும், காலமும் இப்பொழுது எமக்கு நன்கு தெரியும். தெரிந்து யாது பயன்? நாள்தோறும் மாலையில் தாம்பரத்தில் வண்டியேறி, சானடோரியம், குரோம்பேட்டை கடந்து பல்லாவரத்தில் இறங்குகிறோம். தெருக்கோடியில் இன்றும் சிறுவர் சிலர் 'பேசாமே மூச்சோ' என்று பாடி விளையாடுகின்றனர். அவர்களுக்கு அதன் பொருளை யாம் உரைத்திலேம். அந்த வீட்டில் வாழ்ந்த இருவரைப் பற்றி மட்டும் உரைத்திருக்கின்றோம்.