கடல் வரைபடத்துக்கு என்ன விலை?

கடலில் பாதை கீறப்பட்டிருப்பதில்லை. ஆழம் எவ்வளவு, மணற்றிட்டு எங்கே, வெளிச்சவீடு எங்கே என்பதையெல்லாம் கடல் வரைபடமே சொல்கிறது. சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றுவோருக்குக் குடிநீருக்கு அடுத்த தேவை அது. ஆனால் வழியிலுள்ள துறைமுகங்களுக்கெல்லாம் பிரித்தானிய அட்மிரல்ட்டி வரைபடங்களைத் தனித்தனியே வாங்கப் புறப்பட்டால், பணம் கடதாசியிலேயே கரைந்துவிடும்.

இவ்விடயத்தில் அமெரிக்காவின் போக்கு வேறு. மக்கள் வரிப்பணத்தில் அளந்த கடலுக்கு அந்நாட்டு அரசு பதிப்புரிமை கோரவில்லை. ஆகவே தனியார் அச்சகங்கள் அவ்வரைபடங்களைச் சுருக்கிப் பிரதியெடுத்து மலிவாக விற்றன. அந்நாட்டுக் கரையோரத்தின் இலத்திரனியல் வரைபடங்கள் இன்றும் இணையத்தில் இலவசம். அவற்றைக் கணினியில் விரிக்க உதவும் ஓப்பன்சிபிஎன் என்ற மென்பொருளும் இலவசமே. இந்த வசதியை நம்பித்தான் அமெரிக்கா 2025 தொடக்கத்துடன் மரபான கடதாசி வரைபடங்களைக் கைவிட்டது.

நமது கடலுக்கு இந்த வாய்ப்பு இல்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, நம்மவர் கைகளால் செலுத்தப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சோழகத்தையும் வாடையையும் விண்மீன்களையும் அறிந்த அந்த மாலுமிகளின் வழிவந்தவர்களிடம் இன்று இருப்பது கையடக்க ஜிபிஎஸ் கருவி.

வட்டுக்கோட்டைக்கு அருகே அராலியில் எனக்குப் பழக்கமான கடற்றொழிலாளர் ஒருவர் தமது கருவியை எடுத்துக் காட்டினார். வலை போட்ட இடங்கள் வெறும் எண்களாக அதில் இருந்தன. ஆழமும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. பாக்கு நீரிணையில் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த எல்லை ஆறு புள்ளிகளை இணைக்கும் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டினால் சிறையும் படகுப் பறிமுதலும் காத்திருக்கின்றன. பழைய கடதாசி வரைபடம் ஒன்று கிடைத்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. செய்மதிகளுக்கு முந்திய அளவைகளில் ஜிபிஎஸ் காட்டும் எண்ணைக் குறித்தால், இடம் சில நூறு மீற்றர் விலகி நிற்கவும் கூடும்.

உல்லாசப் படகோட்டி மலிவான வரைபடத்தைத் தேடுவது செலவைச் சுருக்க. நமது தொழிலாளிக்கோ அது உயிரும் பிழைப்பும். கொழும்பும் டெல்லியும் தம்மிடமுள்ள பாக்கு நீரிணை வரைபடங்களை, எல்லைக்கோட்டுடன், கைத்தொலைபேசியில் விரியும்படி தமிழில் இலவசமாகத் தரட்டும். கோட்டைத் தாண்டியவனைத் தண்டிக்கும் அரசுகளுக்கு, அந்தக் கோட்டை அவனுக்குக் காட்டும் கடமையும் உண்டல்லவா?