இரண்டு அட்டைகளில் ஒரே திகதி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நூறு ரூபாய்க்குக் கச்சானும் வாங்கிக்கொண்டு ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினேன். அக்கராயனுக்கு இன்னும் பத்துக் கிலோமீற்றர் இருக்கும். காலபோக அறுவடை நேரம். பாதி வீதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வைக்கோல் மணம் குளக்கட்டு வரை கூடவே வந்தது.

பார்க்கப் போனது தாய் சேய் கிளினிக் ஒன்றை. போகத் தூண்டியது தூரதேசத்து வழக்கம் ஒன்று. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் திணைக்களங்கள் தாங்களாகவே விண்ணப்பித்து, வெளியாட்களைக் கூப்பிட்டுத் தங்கள் வேலையைச் சோதிக்கச் சொல்கின்றன. 2007இல் அதற்கென ஒரு சபை அமைத்தார்கள். 2013 பெப்ரவரியில் முதல் 11 திணைக்களங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஐந்து வருடத்துக்குத்தான் அது செல்லும், பிறகு மறுபடி சோதனை. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் காட்டவேண்டும். அப்படி ஒருவர் அக்கராயனுக்கு வந்தால் எங்கள் ஆட்கள் எதைக் காட்டுவார்கள்? அந்தக் கேள்வியோடுதான் போனேன்.

 

கிளினிக்கில் பத்து மணிக்கே இருபது தாய்மார் வரை இருந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரைகள், நிறை பார்க்கும் தராசு, மேசைக்குக் கீழே நிழலில் தடுப்பூசிப் பெட்டி. குடும்பநல உத்தியோகத்தரை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"ஒருத்தரையும் விடுறேல்லை ஐயா. கிளினிக்குக்கு வராட்டி நான் வீட்டை போவன்" என்றார்.

"போனதை எப்பிடி நம்புறது மிஸ்?"

அவர் கோபிக்கவில்லை. மண்ணிறக் கடதாசி உறை போட்ட தடித்த கொப்பி ஒன்றை எடுத்தார். பெயர்கள் இருந்த பக்கத்தை ஒரு வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டுத்தான் என் பக்கம் திருப்பினார். அந்த மாதத்தில் ஐந்து சிவப்பு வட்டங்கள், வராதவர்கள். நாலு வட்டத்துக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் போன திகதி. ஐந்தாவதில் 'தாய் வீட்டுக்குப் போய்விட்டார்' என்று எழுதி, அந்த ஊர் மிஸ்ஸுக்கு அறிவித்த திகதி.

"இந்தச் சிவப்பு வட்டம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை. மறக்காம இருக்க நானாப் போடுறது."

கொப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொப்பியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. பின்னேரம் அவர் போகவிருந்த ஒரு வீட்டுத் தாயிடம் போனில் சம்மதம் கேட்டு என்னையும் கூட்டிப்போனார். வாய்க்கால் ஓரக் கிரவல் வீதியில் மூன்று கிலோமீற்றர். அவருடைய ஸ்கூட்டிக்குப் பின்னால் போன எனக்குக் கண்ணெல்லாம் செம்மண்.

பூச்சுப் பூசாத வீடு. ஏழு மாதக் கர்ப்பிணி. போன மாதம் பஸ் தவறியதால் கிளினிக்குக்குப் போகவில்லை என்றார். பொலித்தீன் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துத் தந்தார். கர்ப்பகாலப் பதிவு இரண்டு பிரதி: ஒன்று தாயிடம், மற்றது மிஸ்ஸிடம். இரண்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த திகதி ஒன்றுதான். 'கால் வீக்கம் இல்லை' என்ற குறிப்பும் ஒன்றுதான்.

ஊரைப் பிரித்து, பிரிவுக்கொரு மிஸ், அவர்களுக்கு மேலே ஒரு வைத்திய அதிகாரி என்ற இந்த ஒழுங்கு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. மேற்பார்வையும் மாதாந்தக் கூட்டமும் இன்றும் உண்டு. ஆனால் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே திணைக்களம். இலங்கையிலேயே மருத்துவ ஆய்வுகூடங்கள், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நாட்டின் அங்கீகாரச் சபையிடம் தாங்களாகவே போய்ச் சோதனைக்கு நிற்கின்றன. கிராமத்துச் சுகாதாரப் பணிமனையும் அப்படி நிற்கலாம். நிற்கவேண்டும். இந்த மிஸ் நாளைக்கு இடமாற்றமாகிப் போனால் சிவப்பு வட்டமும் அவரோடு போய்விடும். நல்ல பழக்கம் பணிமனையின் விதியாக மாறுவதற்கு வெளியாள் ஒருவர் வந்து, இதை எல்லோரும் செய்கிறீர்களா என்று கேட்கவேண்டும்.

அந்தத் தாய் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். வன்னித் தாய்மாரே, அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் அட்டையையும் மிஸ்ஸிடம் இருக்கும் அட்டையையும் பக்கத்தில் வைத்து ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.